தக்கைப்பூண்டு வேரில் பார்த்த சிவப்பு

பாலாற்றங்கரை:

ஆம்பூர் பக்கம் எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர். அப்பா காலத்தில் தென்னையும் நெல்லுமாக இருந்தது. மேட்டிலிருந்த ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர் ஓடையில் இறங்க ஆரம்பித்ததும் முதலில் கிணறு கரித்தது, பிறகு தென்னை குரும்பையாகவே உதிர்த்தது. தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதாக ஒரு கணக்கு வருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் வரப்புதான் கண்ணில் நிற்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மண்வள அட்டையில் இருக்கும் 12 அளவுகளில், தோல் பதனிடுவதிலிருந்து வரும் உலோகமான குரோமியம் கிடையாது. அட்டையை நம்பி நான் இரண்டு வருஷம் வீணாக்கினேன். தனியாகக் காசு கட்டிச் சோதித்த பிறகுதான் எங்கள் மண்ணில் அது இருப்பது தெரிந்தது.

மண்ணைத் தேற்ற, மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்தேன். ரைசோபியம் (பயறு இனச் செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குத் தரும் பாக்டீரியா) பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கரைத்து, விதையைப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, எல்லாம் முறைப்படிதான். முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றுவிட்டது. பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிக்கும் என் அக்கா மகள் வந்து ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தாள். வேரில் கடுகளவு முடிச்சுகள், அதுவும் நாலைந்துதான். பிளேடால் கீறினால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. "மாமா, வேலை செய்யுற முடிச்சு உள்ளே சிவப்பா இருக்கணும்" என்றாள்.

ஓடைக்கரையில் யாரும் விதைக்காத சித்தகத்தி, தக்கைப்பூண்டுக்குச் சொந்தக்காரச் செடி, தழைத்து நின்றது. அதன் வேரைத் தோண்டினால் மிளகு பருமனில் முடிச்சுகள். கீறியதும் வெற்றிலைச் சாறு மாதிரி ஒரு சிவப்பு. அந்த உப்பிலும் குரோமியத்திலும் வருஷக்கணக்கில் பிழைத்த பாக்டீரியா அதற்குள் இருக்கிறது. அதை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி அடுத்த பட்டத்து விதைக்குப் பூசினோம். ஒரு பாத்தியில் மட்டும் பழையபடி கடைப் பொட்டலம். இந்த முறை எல்லாப் பாத்திக்கும் தொழுவுரமும் போட்டதால், மொத்தப் பெருமையும் பாக்டீரியாவுக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் சித்தகத்திப் பாக்டீரியா பூசிய பக்கம் தோள் உயரம் வந்தது. பொட்டலப் பாத்தி இடுப்பைத் தாண்டவில்லை.

செவில்லில் படித்தவர்:

இதைப் படித்ததும் ஸ்பெயினில் நான் பார்த்தது ஞாபகம் வந்தது. 1998 ஏப்ரல் 25 அன்று செவில் அருகே அஸ்நால்கோயர் சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்த கசடு அணை உடைந்து, ஈயம், துத்தநாகம், காட்மியம், ஆர்சனிக் கலந்த சேறு குவாதியாமர் ஆற்றுப் படுகையெங்கும் பரவியது. பிறகு அந்த மண்ணில் மஞ்சள் லூபின் என்ற பயறு இனச் செடியை, உலோகத்தைத் தாங்கும் பிராடிரைசோபியம், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். செடி நன்றாக வளர்ந்தது, ஆனால் அதற்குள் ஏறிய உலோகம் குறைந்தது! செடி உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி. அங்கே செடியின் வேலை உலோகத்தை வெளியே இழுப்பதல்ல. மண்ணை மூடி, தூசியாகப் பறக்காமலும் மழையில் கரைந்து ஓடாமலும் பிடித்து வைப்பது.

புதியவர்:

அண்ணே, அப்படின்னா குரோமியம் எங்கதான் போகுது? தழையை மாட்டுக்குப் போடலாமா? அடுத்து நிலக்கடலை வைக்கலாமா?

பாலாற்றங்கரை:

எங்கேயும் போகாது தம்பி. உலோகம் மக்காது. குரோமியம் மண்ணில் முக்கியமாக இரண்டு வடிவத்தில் இருக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரைந்து கிணறு வரை போகும், விஷமும் அதிகம். மண்ணில் உள்ள சில பாக்டீரியாக்கள் அதை மூன்று இணைதிறனுக்கு மாற்றுகின்றன. அது பெரும்பாலும் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் திரும்பவும் ஆறாக மாறலாம். அதனால்தான் தழையை மடக்கி உழுது, மக்கைக் குறையவிடாமல் வைக்கிறேன்.

பக்கத்து நிலத்துக்காரர் மாட்டுக்கு அறுத்துக்கொள்ளக் கேட்டார். மனசு கேட்காமல்தான் வேண்டாம் என்றேன். அவருக்குத் தீவனத் தட்டுப்பாடு, எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தழை பால் வழியாகப் பிள்ளைகளிடம் போய்ச் சேரக் கூடாது. நிலக்கடலையும் வேண்டாம், காய் மண்ணுக்குள்ளேயே விளைகிற பயிர். நான் வரப்போரமாக முப்பது புங்கங்கன்று வைத்திருக்கிறேன். அதுவும் பயறு இனம்தான், ஆடு அவ்வளவாகக் கடிக்காது. போன வாரம் ஒரு கன்றின் வேரோரம் மெல்லக் கிளறிப் பார்த்தேன். இரண்டு முடிச்சு. ஒன்றைக் கீறினேன், சிவப்பு.