மறு: கலைச்சொல் – போன்லயும் கம்ப்யூட்டர்லயும் எழுத்து கன்னாபின்னான்னு வர்றதுக்கு என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கம்,

நாலு நாளா இந்த மடல் இழைய ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சிட்டிருக்கேன், பகல் பூரா பாயிண்ட்நாங் மார்க்கெட்ல உளுந்து மூட்டைக்கு நடுவுல நிக்கிறவனுக்கு அப்பதான் நேரம். பெரியவங்க சொன்ன வார்த்தையெல்லாம் ஒரு தாள்ல எழுதி வெச்சேன். எழுத்துச் சிதைவு, உருக்குலைவு, எழுத்துருப் பிழை, குறியாக்கப் பிறழ்வு. நேத்து ஐயா எழுதுன மடல்ல,

> "எழுத்துச் சிதைவு" போதும், எல்லாருக்கும் புரியும், முடிச்சிரலாம்

அப்படின்னு போட்டிருந்தாங்க. ஐயா கோவிச்சுக்கக் கூடாது, எனக்கு அந்த வார்த்தை வேண்டாம்னு படுது, ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. ஆனா புதுசா எது வந்தாலும் போட்டுப் பாத்துருவேன். ஒரு காலத்துல இங்க ஒரு சிம் கார்டுன்னா லட்சக்கணக்குல கியாட் எண்ணி வைக்கணும், 2014 ஆகஸ்ட்ல ஊரீடூ சிம் 1500 கியாட்டுக்கு வந்தப்ப வெயில்ல வரிசையில நின்னு வாங்குனவன் நான். வைபர், மெசஞ்சர், போன்லயே காசு அனுப்புற வேவ் மணி, தமிழ்ல பேசினா எழுதிக் குடுக்கிற கீபோர்டு, எதுவா இருந்தாலும் முதல்ல என் போன்ல போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வீட்டுல மத்தவங்களுக்கு சொல்லுவேன். போன்ல தமிழ் எழுதுற செல்லினம் 2005லயே வந்துருச்சு, அதப் போட்டு எழுத நம்ம கையில போன் வர்றதுக்கு அப்புறம் ஒம்பது வருஷம் ஆச்சு. இப்படி எல்லாத்தையும் நோண்டுறவன்னு தெரு முழுக்கத் தெரிஞ்சதால எழுத்து சரியா தெரியாத போன் எல்லாம் எங்க வீட்டு வாசலுக்குத்தான் வரும். அதுல பாத்தத வெச்சுத்தான் பேசுறேன்.

பர்மாவுல இருக்கிற நமக்கு இது தெனப்படி பொழப்பா இருந்த விஷயம். ஸோஜின்னு ஒரு பர்மிய ஃபாண்ட் (பர்மியக் கதைகள்ல கையில கோல் வெச்சிட்டு வருவாரே ரசவாதி, அவரு பேரு) 2000கள்ல வந்து எல்லா கம்ப்யூட்டர்லயும் போன்லயும் உக்காந்துருச்சு. கம்ப்யூட்டருக்கு எழுத்துன்னா ஒரு எண்ணுதான், எந்த எண் எந்த எழுத்துன்னு உலகத்துக்கே பொதுவா வெச்ச கணக்குக்குப் பேரு யூனிகோட். அதுல பர்மிய எழுத்துக்கு 1999லயே இடம் ஒதுக்கியாச்சு, 2008ல அந்த முறைய இன்னும் சரிபண்ணாங்க. ஸோஜி அதே இடத்துலயே உக்காந்துக்கிட்டு எழுத்த வேற கணக்குல அடுக்கி வெச்சிருக்கு, ஒரு எண்ண எடுத்தா ஸோஜிக்கு ஒரு எழுத்து யூனிகோடுக்கு இன்னொரு எழுத்து. மொன், கரென், ஷான் எழுத்துக்குன்னு விட்டிருந்த இடத்தையும் அதுவே எடுத்துக்கிச்சு, அதனால மோல்மேன் பக்கம் மொன் ஆளுங்க தங்க பாஷைய எழுதணும்னா ஸோஜி இருக்கிற போன் ஆகாது. 2019 அக்டோபர் 1லேருந்து எல்லாரும் யூனிகோடுக்கு மாறணும்னு அரசாங்கம் சொல்லி, அதுக்கப்புறந்தான் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுச்சு. அது வரைக்கும் அண்ணன் போன்ல நல்லா தெரியிற மெசேஜ் தம்பி போன்ல கன்னாபின்னான்னு நிக்கும், போன் கடையில காசு வாங்கிட்டு ஃபாண்ட் ஏத்திக் குடுப்பாங்க, ஏத்துனா இது தெரியும் அது போயிரும்.

ஆனா அந்த மெசேஜ் கெட்டுப் போகலையே. அண்ணன் அனுப்புன எண்ணெல்லாம் ஒண்ணு விடாம தம்பி போனுக்கு வந்து சேந்துருச்சு. எந்தக் கணக்குல படிக்கணுங்கிறதுல போன் தப்பு பண்ணுது, அவ்வளவுதான். சிதைஞ்சதுன்னா திரும்ப ஒட்ட வைக்க முடியாது. இது அப்படி இல்ல.

தமிழும் இதே வழியில வந்ததுதான். "கெ" எழுதும்போது கை முதல்ல கொம்பு போடும், அப்புறம் க. திஸ்கியில (யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி தமிழுக்குப் புழங்குன ஒரு கணக்கு) கம்ப்யூட்டரும் அதே வரிசையில வெச்சுக்கும். யூனிகோட்ல க முதல்ல, கொம்பு பின்னாடி, திரையில காட்டும்போதுதான் கொம்ப முன்னாடி கொண்டாந்து நிறுத்தும். பர்மிய எழுத்துலயும் நம்ம கொம்பு மாதிரியே முன்னாடி நிக்கிற ஒரு குறி இருக்கு, ஸோஜியில அது முன்னாடி, யூனிகோட்ல பின்னாடி. இத முதல் தடவ புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல, ரெண்டு பாஷையும் ஒரே எடத்துலதான் இடறியிருக்கு.

இன்னும் ஒண்ணு பாருங்க. "தமிழ்"ங்கிற வார்த்தையவே பழைய திஸ்கி ஃபைல்லேருந்து ஃபாண்ட் இல்லாம தொறந்தா என்ன தெரியும்? முக்கால்னு ஒரு பின்னம், தலையில கோடு போட்ட பெரிய ஆங்கில ஏ, சென்ட் காசுக் குறி, தலையில கோடு போட்ட யூ. பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்சதா இருந்தா ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. யூனிகோட்ல எழுதினத ஐரோப்பிய எழுத்துன்னு நெனச்சுப் படிச்சா கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், அதுவே திரும்பத் திரும்ப வரும். நாலு நாள் பழகுனா போதும், பாத்த ஒடனே இது திஸ்கி இது பாமினின்னு சொல்லிரலாம். அப்ப இது சிதஞ்சு கெடக்கிற குப்பை இல்ல, ஒழுங்கா இருக்கிற எழுத்துத்தான்.

இப்ப வீட்டுக் கதை ரெண்டு சொல்லணும், இந்த ரெண்டுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எங்க பெரியம்மா தட்டோன் பக்கம் இருக்காங்க. 1960கள்ல தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் போனப்புறம் வளந்தவங்க, தமிழ் பேசத்தான் தெரியும். அறுபது வயசு தாண்டி, கோயில்ல ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு எடுக்கிற வகுப்புல பின்னாடி உக்காந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்தேன். சென்னையிலேருந்து அவங்க தங்கச்சி மக தமிழ்ல ஒரு மெசேஜ் அனுப்பியிருந்துச்சு. அந்தப் பழைய போன்ல கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னாடி, புள்ளி புள்ளியா ஒரு வட்டத்தோட தனியா நிக்குது. பெரியம்மா ரெண்டு நாளா அத எழுத்துக் கூட்டியிருக்காங்க. மூணாம் நாள் எனக்கு போன் பண்ணி, "எனக்கு இன்னும் படிக்க வரலப்பா, வாத்தியார் சொல்லிக் குடுத்தது மறந்துருச்சு போலருக்கு"ன்னாங்க. தப்பு போன்ல இருக்கு, பழிய அவங்க தன் மேல போட்டுக்கிட்டாங்க. அன்னிக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

ரெண்டாவது சித்தப்பா கடிதங்க. அவரு பர்மாவ விட்டு கப்பலேறிப் போன தலைமுறை, 2003 வாக்குல கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கக் கத்துக்கிட்டு பெகுவுல இருக்கிற எங்க அண்ணனுக்கு மாசம் ஒரு மின்னஞ்சல் எழுதுவாரு, ராமநாதபுரத்துல எந்த ஊரு, தாத்தா எந்த வருஷம் ரங்கூன் வந்தாரு, எந்த ஆலையில நெல்லு மூட்டை தூக்குனாரு, எல்லாம் அதுல இருந்துச்சு. அண்ணன் கம்ப்யூட்டர மாத்தினப்ப ஃபைல தொறந்தா முக்காலும் சென்ட் குறியுமா வந்திருக்கு. கடையில காட்டுனா "கெட்டுப்போச்சு, வைரஸா இருக்கும், அழிச்சிரலாம்"னு சொல்லி அழிச்சிட்டாங்க. ஒரே ஒரு கடிதம் பென்டிரைவ்ல தப்பி எங்கிட்ட வந்துச்சு, அதுவும் ரொம்ப வருஷம் கழிச்சு. பழைய எழுத்த யூனிகோடா மாத்திக் குடுக்கிற பொங்குதமிழ் மாற்றியில ஒட்டி திஸ்கின்னு தேர்ந்தெடுத்தேன், கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள முழுக் கடிதமும் வந்துருச்சு, ஒரு புள்ளி கூட கொறையல. மத்ததும் அப்படித்தான் வந்திருக்கும். சித்தப்பாவும் இல்ல, கடிதமும் இல்ல.

அதனாலதான் சொல்றேன், சிதைவுன்னு பேரு வெச்சா கேக்கிறவங்க அழிக்கத்தான் போவாங்க. பிழைன்னு வெச்சா எழுதினவங்களோ படிக்கிறவங்களோ தப்பு பண்ணிட்டதா நெனைப்பாங்க. ரெண்டும் வேண்டாம்.

என் பரிந்துரை: எழுத்துமாறாட்டம்.

ஆள்மாறாட்டம் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் வந்து நிக்கிறாரு, உண்மையான ஆளுக்கு ஒண்ணும் ஆகல, எங்கயோ பத்திரமா இருக்காரு, கண்டுபிடிச்சா சரியாப் போயிரும். இங்க த இருக்க வேண்டிய இடத்துல முக்கால் வந்து நிக்குது, த உள்ள அப்படியே இருக்கு. ஜப்பான்காரங்க இதுக்கு மொஜிபாகேன்னு சொல்றாங்க, மொஜின்னா எழுத்து, பாகேங்கிறது உரு மாறி நிக்கிறது. அவங்களும் உடைஞ்சதுன்னு சொல்லல பாருங்க. நம்ம வார்த்தை அதப் பாத்து எடுத்தது இல்ல, ஆள்மாறாட்டத்துலேருந்து தானா வந்தது, ஆனா ரெண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேருது.

பேச்சுலயும் நல்லா நிக்குது. "மாறாட்டமா வருது", "மாறாட்டம் ஆயிருச்சு", "மாறாட்டத்த எடுத்துக் குடு". குறியாக்கப் பிறழ்வ வெச்சு ஒரு வாக்கியம் பேசிப் பாருங்க, வாயில வராது. குடோன்ல மூட்டை தூக்குற பசங்ககிட்ட ஒரு வாரம் புழங்கிப் பாத்தேன், ரெண்டாம் நாளே அவங்களா சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.

கட்டம் கட்டமா வர்றது வேற விஷயம், அதையும் இதுல சேத்துக் கொழப்ப வேண்டாம். போன்ல அந்த எழுத்துக்கு ஃபாண்டே இல்லன்னா வெறும் கட்டம் தெரியும், அதுக்கு வெள்ளைக்காரன் டோஃபுன்னு (கட்டம் கட்டமா வெட்டுற சோயாக்கட்டி) பேரு வெச்சிருக்கான், கூகுள் ஃபாண்டுக்கு நோட்டோன்னு பேரு வந்ததே "நோ டோஃபு"லேருந்துதான். இங்க ஷான் டோஃபு கடலை மாவுல செஞ்சு தெருவுல விக்கிறாங்க, நமக்கு அது சாப்பாடு, கட்டத்த வெறுங்கட்டம்னே சொல்லிரலாம். பெரியம்மாவுக்கு வந்த மாதிரி கொம்பு தனியா நிக்கிறத கொம்புப்பிரிவுன்னு நெனச்சேன், அதுல எனக்கே முழு திருப்தி இல்ல, கால் கூட அப்படிப் பிரிஞ்சு நிக்குது. இந்த மூணுக்கும் வைத்தியம் வேற வேற: வெறுங்கட்டத்துக்கு ஃபாண்ட் போடணும், மாறாட்டத்துக்கு மாற்றியில போட்டு எடுக்கணும், கொம்பு பிரிஞ்சா போனோட மென்பொருளத்தான் புதுசாக்கணும். பேரு தனித்தனியா இருந்தா போன்ல பேசியே என்னன்னு கண்டுபிடிச்சிரலாம், பஸ் ஏறி தட்டோன் போக வேண்டியதில்ல.

மோல்மேன் டீச்சரக்கா என்ன சொல்றாங்கன்னு கேக்க ஆசையா இருக்கு.

*

தம்பிக்கு,

பெரியம்மா கதையப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் பதில் எழுத முடியல. எங்க வகுப்புலயும் இப்படி ரெண்டு பேரு நின்னுட்டாங்க, இப்பதான் காரணம் புரியுது.

வார்த்தை நல்லாருக்கு, ஆனா ஒரு சந்தேகம். ஆள்மாறாட்டம்னா போலீஸ் கேஸ், ஏமாத்து வேலை. எழுத்து ஏமாத்துதுன்னு ஆகிறாதா? நான் நெனச்சது, பள்ளிக்கூடத்துல புணர்ச்சி இலக்கணத்துல தோன்றல், திரிதல், கெடுதல்னு மூணு விகாரம் சொல்லிக் குடுப்போமில்ல, அதையே எடுத்துக்கலாமே. புள்ளிவட்டம் புதுசா முளைக்கிறது தோன்றல், ஒரு எழுத்து இன்னொண்ணா வர்றது திரிதல், கட்டமாப் போறது கெடுதல். மூணும் நம்ம வீட்டுச் சரக்கு, புதுசா எதுவும் உண்டாக்க வேண்டாம்.

*

அக்கா, மூணும் அவ்வளவு அழகா பொருந்தும்னு எனக்கு தோணவே இல்ல, ரெண்டு தடவ படிச்சேன். வகுப்புல பாடம் எடுக்கும்போது இப்படித்தான் சொல்லணும், பிள்ளைங்களுக்கு இலக்கணமும் நிக்கும் போனும் புரியும்.

ஆனா பொதுப் பேரா வைக்க எனக்கு ஒரு தடை. கெடுதல்னா இலக்கணம் படிச்சவங்களுக்கு மறையிறது, கடைக்காரனுக்கு கெட்டுப்போறது. திரும்பவும் அழிச்சிருவான். திரிஞ்சுதுன்னாலும் பால்தான் ஞாபகம் வரும், திரிஞ்ச பால கீழதான் ஊத்துவோம்.

போலீஸ் கேஸ்னு சொன்னது நியாயமான கேள்வி. ஆளு மாறுனா ஏமாத்து, சரி. ஆனா மாறாட்டங்கிற வார்த்தை தனியா நிக்கும்போது ஒண்ணு மாறி இன்னொண்ணா நிக்கிறது, தடுமாற்றம், அவ்வளவுதான், அதுல கெட்ட எண்ணம் இல்ல. அப்படியே யாராவது "யாரு ஏமாத்துறா"ன்னு கேட்டாலும், போனுதான்னு பதில் சொல்லலாம், பெரியம்மா தன்ன நொந்துக்க வேண்டியதில்ல. அவங்ககிட்ட நேத்து கேட்டுப் பாத்தேன், "மாறாட்டமா, அப்ப உள்ள சரியா இருக்கா?"ன்னு அவங்களே திருப்பிக் கேட்டாங்க. எனக்கு அது போதும்.

புள்ளிவட்டம்ங்கிற வார்த்தைய அக்கா போற போக்குல எழுதிட்டீங்க, கொம்புப்பிரிவ விட அது நல்லாருக்கு, காலுக்கும் கொம்புக்கும் சேத்துப் பொருந்தும், கண்ணால பாக்கிறதையே சொல்லுது. என்னோடத எடுத்துட்டு அதையே பட்டியல்ல போட்டுட்டேன்.

எழுத்து, மாறாட்டம் சேர்றப்ப நடுவுல ஒற்றெழுத்து எதுவும் வராது, சேத்தே எழுதலாம்னு நெனைக்கிறேன். ஐயா பாத்து சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு முன்னாடி தெரிஞ்சா கோயில் பலகையில மூணு வார்த்தையையும் எழுதி வெச்சிருவேன்.