தனியாக இருக்கும் பெற்றோருக்கு அவசரப் பொத்தான்: வாங்கிக் கொடுத்தவர்கள் எழுதுங்கள்

வெள்ளவத்தை மகள்

அம்மாவுக்கு 79 வயது. அப்பா போன பிறகு வெள்ளவத்தைத் தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். நான் வத்தளையில். போன வருடம் புறக்கோட்டையில் 11,000 ரூபாய் கொடுத்து, கழுத்தில் தொங்கவிடும் சிம் பொத்தான் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அழுத்தினால், முன்பே போட்டுவைத்த எண்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தானே அழைப்பு எடுக்கும், யாராவது எடுத்தால் அதிலேயே கதைக்கலாம்.

அம்மா விழுந்தது அதிகாலை மூன்றரைக்கு, குளியலறை வாசலில். நான் போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். அம்மா அவ்வளவு நேரமும் செம்பால் தரையில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கீழ்வீட்டில் தண்ணீர்க் குழாய் அடித்துக்கொள்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். விடிந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றுதான் எனக்கு அழைத்தார்கள்.

இடுப்புக்கு ஒன்றும் இல்லை, மணிக்கட்டு மட்டும் உடைந்தது. ஆனால் அந்தப் பொத்தான் எங்கே இருந்தது தெரியுமா? சுவாமித் தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துக் கொளுக்கியில், சுத்தமாகத் துடைத்து மாட்டியிருந்தது. "ஏன் அம்மா கழற்றி வைத்தீர்கள்?" என்று கேட்டேன். "நீதானே பிள்ளை சொன்னாய், விலை கூடிய சாமான், தண்ணீர் படக்கூடாது என்று."

சொன்னேன்தான். வாங்கிக் கொடுத்த அன்று கழுத்தில் போட்டுவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். ஆறு வாரமாக இது நெஞ்சை விட்டுப் போகவில்லை.

தண்ணீர் பட்டாலும் தாங்குகிற, மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லாத, எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அம்மா வத்தளைக்கு வரமாட்டார். அதைப் பற்றித் தயவுசெய்து எழுத வேண்டாம்.

கொழும்பு 13

எங்கள் கதை சின்னது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா அனுப்பினார், பெட்டியும் கழுத்துப் பொத்தானும். நல்ல சாமான். சுங்கத்திலும் காசு கட்டித்தான் எடுத்தோம். வீட்டுத் தொலைபேசியில் பொருத்தி, அப்பாவை அழுத்தச் சொன்னோம். பெட்டிக்குள் இருந்து ஒரு பெண் குரல், உதவிக்கு அழைக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "தாங்க் யூ மிஸ்" என்று பதில் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஐந்து நிமிடம். யாரும் வரவில்லை.

அந்தக் கருவிகளில் டொலரில் கட்டுகிற மாதக் கட்டணம் அழைப்பு நிலையத்தில் இருக்கிற ஆளுக்குத்தான். அந்த ஆளும் அந்த ஊர் அம்புலன்ஸைத்தான் அனுப்பமுடியும். கொட்டாஞ்சேனையில் அது வெறும் பெட்டி. யாராவது வெளிநாட்டிலிருந்து அனுப்பப் போவதாகச் சொன்னால் முதலிலேயே தடுத்துவிடுங்கள். அப்பா காத்திருந்த அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

தெஹிவளைத் தம்பி

வெள்ளவத்தை அக்கா, உங்கள் மேல் பிழை இல்லை. பிழை என்றால் நான் செய்தது.

எங்களுடையதும் சிம் பொத்தான்தான், மூன்று எண்கள் போடலாம். முதலாவதாக லண்டனில் இருக்கும் அண்ணாவின் எண்ணைப் போட்டேன். மூத்தவர், கருவிக்குப் பணம் அனுப்பியவரும் அவர், அதுதான் முறை என்று நினைத்தேன். இரண்டாவது நான். மூன்றாவது முன்வீட்டு ஆன்டி.

யூலை மாதம், காலை 5.40. அம்மா குசினியில் விழுந்துவிட்டார். பொத்தானைச் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறார். லண்டனில் அப்போது இரவு ஒன்று பத்து. அண்ணா தொலைபேசியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்குகிறார். அழைப்பு குரல் அஞ்சலுக்குப் போய்விட்டது. கருவிக்கு மனிதர் எது, குரல் அஞ்சல் எது என்று தெரியாது. மறுமுனை எடுபட்டதும் 'எடுத்துவிட்டார்கள்' என்று கணக்குப் பண்ணி அடுத்த எண்ணுக்குப் போகாமல் நின்றுவிட்டது. எனக்கு அழைப்பு வரவே இல்லை. நான் இரண்டு தெரு தள்ளி முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிவு ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. "தம்பி... தம்பி ராசா, நான் விழுந்துவிட்டேன். கேட்கிறதா? அடுப்பில் பால் இருக்கிறது ராசா." அதற்குப் பிறகு அம்மா கதைக்கவில்லை, மூச்சு மட்டும் கேட்கும். அண்ணா விடிய ஏழு மணிக்குக் கேட்டுவிட்டு அலறிக்கொண்டு எனக்கு அழைத்தபோது இங்கே பதினொன்றரை. அதற்குள் பால் தீய்ந்த மணத்துக்கு முன்வீட்டு ஆன்டி ஓடிவந்து, அவரிடம் திறப்பு இருந்தும் திறக்கமுடியாமல், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் காவலாளியைக் கூப்பிட்டுக் கதவை உடைத்திருந்தார்கள். இடுப்பு எலும்பு. அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது நடைச்சட்டம் பிடித்து நடக்கிறார்.

அண்ணா அந்தப் பதிவை எனக்கும் அனுப்பினார். அழிக்கவும் முடியவில்லை. பால் என்கிற சொல்லுக்கு அப்பால் கேட்கவும் முடியவில்லை.

முதல் எண் நடந்து வரக்கூடியவருடையதாக இருக்கட்டும். மூன்று எண்களிலும் குரல் அஞ்சலை நிறுத்துங்கள். உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி

பிள்ளைகளே, 31 வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பழைய ஆசிரியை வெள்ளிக்கிழமை இரவு விழுந்தார். ஞாயிறு மத்தியானம்தான் கண்டார்கள். என்னை அடையாளம் கண்டு "தண்ணீர்" என்று மட்டும் சொன்னார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. சிறுநீரகம்தான் போயிருந்தது.

விழுவது ஒரு பாதி, கிடப்பது மறு பாதி. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே பக்கமாகத் தரையில் கிடந்தால் தசை நசிந்து, அதிலிருந்து வருவது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கலாம். தோல் புண்ணாகும், உடம்பு வற்றும், குளிர் பிடிக்கும். உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் மிகக் கூடுதலானவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆகவே கருவி நல்லதா கெட்டதா என்று சண்டை பிடிக்காமல் நான் சொல்வதைச் செய்யுங்கள்.

விழுந்தவுடன் எழும்பப் பார்க்கக்கூடாது. மூச்சு எடுத்து, நோ எங்கே என்று பார்த்து, நோ இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, கைகளும் முழங்கால்களும் ஊன்றி, ஒரு கதிரைவரை தவழ்ந்து போகவேண்டும். இதை உங்கள் அம்மாமாரோடு இப்போதே ஒருமுறை கட்டிலுக்குப் பக்கத்தில் பழகுங்கள். எழும்பமுடியாவிட்டால் கிடக்கிற இடத்திலேயே கை கால்களை அசைத்துக்கொண்டு இருக்கவேண்டும். ஒரு போர்வையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் தரையில் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். தொலைபேசியை உயரமான மேசையில் வைக்காதீர்கள், முக்காலியில் வையுங்கள். பிரஷர் மருந்து குடிப்பவர்கள் இரவில் படுக்கையை விட்டு எழும்பும்போது இரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டு எழும்பவேண்டும். விழுகைகளில் பல அதிலேதான். குளியலறையில் பிடி அடியுங்கள், கால்மிதியை எடுத்து எறியுங்கள்.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் 2016 இல் இந்தப் பக்கம் தொடங்கியதிலிருந்து இலவசம்தான். அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் பொத்தானின் மூன்று எண்களில் ஒன்றாக அதைப் போடாதீர்கள். விலாசத்தையும் நிலைமையையும் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கிடப்பவரால் அது முடியாது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டு அழைப்பதுதான் சரி. விலாசத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதி, குடிக்கிற மருந்துப் பட்டியலோடு கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.

சிம் கருவி வாங்குகிறவர்கள் கடையிலேயே IMEI என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கருவியின் 15 இலக்க அடையாள எண்ணை (ஐஎம்இஐ) 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மாலைச் செய்தி போகும்போது சார்ஜ் போடுகிற பழக்கம் வரட்டும். முற்கொடுப்பனவு சிம் என்றால் ரீலோட் மறக்கக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 79 வயதில் ஒருவரைத் தனியாக விடுவதே பிழை. மகள், நீங்கள் எழுதவேண்டாம் என்றாலும் எழுதுகிறேன்.

பம்பலப்பிட்டி

தாதி அம்மா, வணக்கத்தோடு சொல்கிறேன், அதை எழுதியிருக்கக்கூடாது. அந்த அக்கா கேட்டது ஒரு கருவி. என் மாமியாரைக் கட்டாயப்படுத்தி எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நான்கு மாதத்தில் கதைப்பதைக் குறைத்துவிட்டார், கோயிலும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. திரும்பவும் அவருடைய வீட்டில் கொண்டுபோய் விட்ட அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். முதியவர்களுக்கும் விருப்பு வெறுப்பு இருக்கிறது. நீங்கள் சொன்ன தவழும் பயிற்சியை மட்டும் கட்டாயம் செய்வேன், நன்றி.

நாங்கள் பொத்தான் வாங்காமல் கமரா போட்டோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட நாள். நான் கண்டியில் ஒரு கலியாண வீட்டில். கைத்தொலைபேசியில் கமராவைத் திறந்தேன். மாமி கதிரையில் இருந்து தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கை நீட்டுகிறார். கை அப்படியே நின்றது. வீட்டில் மின்சாரம் போய் ரூட்டர் செத்திருக்கிறது, கடைசிப் படம் மட்டும் திரையில் உறைந்திருக்கிறது என்று எனக்கு விளங்கச் சில நிமிடம் எடுத்தது. விளங்கிய பிறகும் அந்த நீட்டிய கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமி சுகமாகத்தான் இருந்தார், விசிறிக்கொண்டு. ஆனால் வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கிற எதையும் இனி நான் வாங்கமாட்டேன்.

மருதானை

வெள்ளவத்தை அக்காவுக்கு நேரடிப் பதில்: கம்பியில்லாத அழைப்பு மணி. முதலாம் குறுக்குத் தெருவில் 2,400 ரூபாய். சிம் இல்லை, சார்ஜ் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. பொத்தான் எங்கள் பெரியம்மாவின் குளியலறையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். மணி எதிர்வீட்டுச் சிங்கள அக்காவின் குசினியில். பெட்டியில் 300 மீற்றர் என்று போட்டிருக்கும், அது வெட்டவெளிக்கு. இரண்டு கொங்கிறீட் சுவர்களுக்கு அப்பால் எங்களுக்கு எதிர்வீடுவரைதான் எட்டியது, கீழ்மாடியில் கேட்கவில்லை. மணிப் பக்கமும் பற்றரியில் வேலை செய்கிறதாகப் பார்த்து வாங்குங்கள், பம்பலப்பிட்டி சொன்ன காரணத்துக்காக.

ஒருமுறை உண்மையாகவே அடித்தது. அந்த அக்கா தலையில் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். பெரியம்மாவைத் தூக்கி இருத்திவிட்டு, கண்ணெரிச்சலைப் பொறுத்துக்கொண்டு, நான் வரும்வரை கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். நுரை காய்ந்து முடி கயிறுகயிறாக நின்றது. பெரியம்மாவுக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது.

டிசம்பரில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் யாரென்று தெரியாது. அவர்களிடம் போய் இந்த மணியை எப்படிக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

கல்கிசை

அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கிய பிறகுதான் பொத்தான் வாங்கினோம். பிந்திவிட்டது. ஒரு நாளில் பதினொரு தடவை அழுத்தினார். பத்துத் தடவை ஓடினேன். பதினோராவது தடவை களைத்துப்போய் எடுத்து, "என்னப்பா?" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ சாப்பிட்டாயா?" என்றார்.

அப்பா இப்போது இல்லை. அந்தச் சிம்மை நான் இன்னும் ரீலோட் செய்துகொண்டிருக்கிறேன்.

பெற்றோருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே பொத்தானைக் கொடுத்துப் பழக்குங்கள்.

வெள்ளவத்தை மகள்

எல்லோருக்கும் நன்றி. தாதி அம்மா, கோபம் இல்லை.

மருதானை சொன்ன மணியைச் சனிக்கிழமை வாங்கினேன். மணி எங்கள் பக்கத்து வீட்டில், பொத்தான் குளியலறையில், முழ உயரத்தில். பழைய சிம் பொத்தானின் பெட்டியையும் தேடி எடுத்துப் பார்த்தேன். ஐபி67 என்று போட்டிருக்கிறது. ஒரு மீற்றர் தண்ணீருக்குள் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும். நான் வாங்கிய நாளிலேயே வாசித்திருக்கலாம். முதல் எண்ணையும் மாற்றிவிட்டேன். இப்போது கீழ்வீட்டு அண்ணன், பிறகு பக்கத்து வீடு, பிறகுதான் நான். தச்சரைக் கூப்பிட்டு உள் தாழ்ப்பாளைக் கழற்றியாகிவிட்டது.

இன்று மாலை அம்மாவைக் குளியலறைக் கதிரையில் இருத்தி, பொத்தானைக் கழுத்தில் போட்டு, குழாயைத் திறந்து வாளித் தண்ணீரை நானே தோளில் ஊற்றினேன். பொத்தான் முழுக்க நனைந்தது. "இப்போது அழுத்துங்கள் அம்மா" என்றேன். அவர் அழுத்தாமல் என் முகத்தையே பார்த்தார். "பழுதாகிவிடாதா பிள்ளை?"

"பழுதானால் வேறு வாங்கலாம் அம்மா."

அழுத்தினார். கீழ்வீட்டு அண்ணன் படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.