பூம்புகார் – நாகப்பட்டினம் கடலோர நடை: கரையை ஒட்டியே போக முடியுமா?

கொள்ளிடக்கரை கேட்டது:

நண்பர்கள் ஐந்து பேர், வயது 30 முதல் 52 வரை. தை மாதக் கடைசியில் பூம்புகாரில் தொடங்கி நாகப்பட்டினம் வரை நடக்கத் திட்டம். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. வழியில் உள்ள ஊர்களின் கதையை அந்தந்த ஊர்க்காரர் வாயால் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம். வரைபடத்தில் அளந்தால் சுமார் 45 கிலோமீட்டர் வருகிறது. மூன்று நாள் போதும் என்று கணக்கு. முழுத் தூரமும் மணலிலேயே போகலாமா? சுமை எவ்வளவு இருக்கலாம்? எந்த ஊரில் அதிக நேரம் வேண்டும்?

உப்பங்கழி:

முழுக்கக் கரையில் போக முடியாது. ஆறுகளும் வாய்க்கால்களும் கடலில் விழும் முகத்துவாரங்கள் குறுக்கே வரும். கோடையில் மணல்மேடு வாயை அடைத்துக்கொள்ளும், நடந்தே கடக்கலாம். தை மாதம் மழை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், வாய் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். பார்க்க முழங்கால் ஆழம்போல இருக்கும். இரண்டடி வைத்ததும் தரை சட்டென்று இறங்கும், கால் வைத்த மணல் விளிம்பும் சரியும். கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் வெளியே இழுக்கும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் திரும்பிவிடுங்கள். முந்தின குப்பத்திலேயே “முகத்துவாரம் திறந்திருக்கா?” என்று கேட்டு, திறந்திருந்தால் உள்ளே போய்ப் பாலம் வழியாக வாருங்கள்.

கரைக்கும் சாலைக்கும் நடுவே குறுக்கு வழி தேடாதீர்கள். வரைபடத்தில் பாதை தெரியும். நேரில் இறால் பண்ணையின் வேலி நிற்கும், இல்லையென்றால் பாலமில்லாத வாய்க்கால் கிடக்கும். அதனால் பூம்புகார் – தரங்கம்பாடி கரைவழி 14 கிலோமீட்டர்தான் என்றாலும் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கு நோக்கிப் போவது சரியான முடிவு. தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், முகத்தில் மணல் அடிக்காது. ஆனால் கடல் இடது கைப்பக்கம் இருப்பதால் சரிவில் இடது கால் எப்போதும் தாழ்ந்தே விழும். இரண்டு மணி நேரத்தில் இடுப்பும் வலது முழங்காலும் வலிக்கத் தொடங்கும். ஒரு மணிக்கொருமுறை மேலேறி, குப்பத்துத் தெருவிலோ சாலையிலோ அரை மணி நடங்கள். மணலில் போகும்போது அலை வந்து திரும்பிய ஈர மணலில் மட்டும் நடக்க வேண்டும். உலர்ந்த மணலில் வேகம் பாதியாகிவிடும்.

சுமை தலைக்கு 6 கிலோவைத் தாண்ட வேண்டாம். அதில் தண்ணீரே 3 லிட்டர். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் 21 கிராம் என்றால் முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும்; அரை லிட்டரில் கலக்கினால் உப்பு கூடிப்போய் வயிற்றைக் கெடுக்கும். மணலுக்குச் செருப்பு, தார்ச்சாலைக்குக் காலணி, இரண்டு ஜோடி காலுறை. கொப்புளத்துக்குக் காரணம் தூரம் அல்ல. ஈரக் காலுறைக்குள் அகப்பட்ட மணல். காலணி மாட்டும் முன் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து உலரவிடுங்கள்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி பத்தரைக்கு நிறுத்துங்கள், மறுபடி மூன்றரைக்கு.

கல்வெட்டுப் பித்தன்:

மூன்று நாளை நான்காக்குங்கள். கூடுகிற ஒரு நாள் தரங்கம்பாடிக்கு.

அங்கே பார்க்க வேண்டியது கோட்டை மட்டுமில்லை. கடல் அரித்துக்கொண்டே வந்த மாசிலாமணிநாதர் கோயில் கரையிலேயே நிற்கிறது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், 1306. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் “சடங்கன்பாடி”. அலை பாடுவதால் தரங்கம்பாடி என்றுதான் ஊரில் சொல்வார்கள். யாரையும் திருத்த வேண்டாம். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், யார் சொன்னார் என்ற குறிப்போடு. ஓர் ஊர் தன் பெயரை எப்படிக் கேட்டுக்கொள்கிறது என்பதும் வரலாறுதான்.

கோயிலிலிருந்து சில நிமிட நடையில் டேனிஷ் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் வந்தது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கிழமை பார்த்துத் திட்டமிடுங்கள். ராஜ வீதியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் புதிய எருசலேம் ஆலயம், 1718. அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் முடிந்தது. காகிதம் கிடைக்காமல் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். பொறையாறு மேற்கே நடந்து போகும் தூரம்தான், மாலையில் போய் வரலாம்.

கதை கேட்க நேரம் முக்கியம். விடியற்காலையில் படகு கரையேறும்போது மீன் இறக்கும் வேலை நடக்கும், யாரும் நின்று பேச முடியாது. பத்து மணிக்கு மேல் வலை சீர் செய்யும் கொட்டகையில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் ஓய்வு நேரமும் அதுதான். “வரலாறு சொல்லுங்க” என்றால் கோயில் பலகையில் இருப்பதைச் சொல்வார்கள். “இந்தத் தெருவுக்கு ஏன்யா இந்தப் பேரு?”, “முன்னே கடல் எதுவரைக்கும் இருந்துச்சு?” என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள்: அந்தப் பனைமரம் வரைக்கும் கரை இருந்தது என்று. காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், தாண்டவும் வேண்டாம், சுற்றிப் போங்கள். 2004 சுனாமியைப் பற்றி நீங்களாகத் தொடங்காதீர்கள். அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அவர்கள் பேச்செடுத்தால் கேளுங்கள். எழுதும் கையை அப்போது மடக்கிவிடுங்கள்.

வாஞ்சூர் வழி:

தெற்குப் பாதியைப் பற்றி நான் சொல்கிறேன்.

தரங்கம்பாடி – காரைக்கால் சாலையில் 13 கிலோமீட்டர். நண்டலாறு பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை. காரைக்காலில் கரைவழியாக வந்தால் அரசலாற்று முகத்துவாரம் மறிக்கும். அங்கே பாலம் கிடையாது, ஆற்றோரச் சாலையில் ஊருக்குள் வந்துதான் கடக்க வேண்டும். காரைக்கால் அம்மையார் கோயில் ஊர் நடுவில். கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து போன புனிதவதியின் ஊருக்கு நடந்தே போய்ச் சேருவது தனி நிறைவு. மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியில். அந்த வெயிலில் நடை வேண்டாம்.

காரைக்கால் – நாகூர் 12 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. கீழவாஞ்சூரில் துறைமுகம் கரையை அடைத்திருக்கிறது, கரைவழியை மறந்துவிடுங்கள். லாரி அதிகம். சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் போங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால். எல்லைச் சாவடியில் மதுபாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறக்கச் சொல்வார்கள்.

பலர் இந்தத் துண்டைப் பேருந்தில் தாண்டுவார்கள். தாண்டாதீர்கள், நடுவில் திருமலைராயன்பட்டினம் இருக்கிறது. திருமலைராயன் அவையில் அதிமதுர கவிராயர் கூட்டத்தோடு காளமேகம் மோதியதும், மரியாதை கிடைக்காமல் போக, ஊர் மேல் மண்மாரி பெய்யட்டும் என்று பாடியதும் இங்கேதான் என்பது கதை.

நாகூரில் தர்காவின் ஐந்து மனோராக்களில் (கோபுரங்களில்) உயரமானது 131 அடி, கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். நாயக்க மன்னரின் நோய்க்குக் காரணமான, ஊசி குத்திய புறாவைக் கண்டெடுத்து, அங்கே அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது குணமாக்கிய கதையைக் கேளுங்கள். தர்காவில் புறா விடும் வழக்கத்துக்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். தர்காவின் கந்தூரி விழா நாட்களில் அறை கிடைக்காது.

கொள்ளிடக்கரை:

நான்கு நாளாக மாற்றிவிட்டோம். நாகப்பட்டினத்தில் சோழர் காலப் பௌத்தப் பள்ளியான சூடாமணி விகாரத்தின் எச்சம் ஏதாவது பார்க்க முடியுமா?

கல்வெட்டுப் பித்தன்:

கட்டடம் இல்லை. கடைசியாக நின்ற செங்கல் கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். அங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளில் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் சென்னையிலேயே பார்த்துவிடுங்கள். விகாரத்துக்கு ராஜராஜன் பள்ளிச்சந்தமாக (பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் நிலக்கொடையாக) கொடுத்த ஆனைமங்கலம் கீழ்வேளூர் பக்கம் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. கால் தாங்கினால் ஐந்தாம் நாள் அங்கே போங்கள். அந்தக் கொடையைப் பதிந்த ஆனைமங்கலச் செப்பேட்டில் எல்லை சொல்லும் பகுதியைப் படி எடுத்துக்கொண்டு போய், அதிலுள்ள வாய்க்கால், ஊர்ப் பெயர்களில் எவை இன்றும் வழக்கில் இருக்கின்றன என்று விசாரியுங்கள்.