அங்கோர் வாட் தமிழ் மன்னன் கட்டியதாம். தமிழில் ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம்

குடவோலை:
கம்போடியாவுக்கு ஒரு சின்னச் சுற்றுலா போய் வந்ததைப் பற்றி மதுரைக்காரனும் அவர் மனைவியும் நேற்று இங்கே எழுதியிருந்தார்கள். சியாம் ரீப் இரவுச் சந்தை, தோன்லே சாப் ஏரியில் படகு, தேங்காய்ப்பால் போட்ட மீன், எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: "அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூர்யவர்மன் தமிழ் மன்னன் என்று கைடு சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூர்யவர்மன் 1113-ல் பட்டத்துக்கு வந்த, கம்போடியாவின் கெமர் இனத்து அரசன். அவன் வம்சம் மூன் ஆற்றுப் பக்கம், இன்றைய வடகிழக்குத் தாய்லாந்து. அங்கோர் வாட்டில் கல்வெட்டுகள் கெமரிலும் சமஸ்கிருதத்திலும் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் பெயர் வரை கல்லில் வெட்டி வைத்தவர்கள் நாம். தமிழ் மன்னன் அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிவிட்டுத் தமிழில் ஒரு வரி வெட்டாமலா போவான்? ஒரே ஒரு வரி காட்டுங்கள்.

மதுரைக்காரன்:
சார், நானா சொன்னேன்? கைடு சொன்னார். அந்த ஊர்க்காரரே ஒத்துக்கிறப்ப உங்களுக்கு எங்க வலிக்குது? தலைக்கு 37 டாலர் டிக்கெட் எடுத்து, இருட்டுல எழுந்து போய் குளத்தங்கரையில நின்னு பார்த்துட்டு வந்து எழுதினோம். வீட்ல உட்கார்ந்துகிட்டு ஆளுக்கு ஆள் மார்க் போடாதீங்க.

குடவோலை:
கைடுக்கு நீங்கள் எந்த ஊர் என்று தெரியும். தமிழர் வந்தால் தமிழ் மன்னன். நாளைக்கு ஒடிசாக்காரர் போனால் கலிங்க மன்னன். டிக்கெட் எடுத்தவர் எல்லாம் வரலாற்று ஆசிரியர் ஆகிவிட முடியாது. ஒரு வரி காட்டுங்கள்.

கடாரம்வென்றான்:
வந்துட்டார்யா பெரியவர். தமிழனுக்கு ஒரு பெருமை வந்துடக் கூடாது, உடனே கெமர்னு வந்து நிப்பார். வர்மன்னு பேர் வெச்சது யாரு? பல்லவன். கெமர் எழுத்து எதுல இருந்து வந்துச்சு? பல்லவர் எழுத்துல இருந்து. சிதம்பரம் கோயில்ல 1114-ம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கு. குலோத்துங்க சோழனுக்குக் காம்போஜ அரசன், அதான் கம்போடியா அரசன், காட்டின கல்லை அங்க பதிச்சு வெச்சதா அதுலயே எழுதியிருக்கு. வருஷத்தைப் பாருங்க. சூர்யவர்மன் பட்டத்துக்கு வந்த அடுத்த வருஷம். இதுக்கு மேல என்ன வேணும்?

குடவோலை:
தம்பி, அந்தக் கல்வெட்டே உங்கள் கட்சிக்கு எதிர்ச் சாட்சி. சோழன் ஒருவன், காம்போஜ அரசன் இன்னொருவன் என்று பிரித்துத்தானே எழுதியிருக்கிறது? முதலாம் சூர்யவர்மன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அதுவும் நட்புதான். மொய் எழுதியவர்கள் எல்லாம் பங்காளி ஆகிவிடுவார்களா? எழுத்தைக் கடன் வாங்கினான், உண்மை. கோயிலைக் கடன் வாங்கவில்லை. 1632-ல் அங்கே போன ஒரு ஜப்பான்காரர் தூணில் மையால் எழுதிவிட்டு வந்திருக்கிறார், இன்றைக்கும் இருக்கிறது. அவருக்குத் தோன்றியது உங்கள் தமிழ் மன்னனுக்குத் தோன்றவில்லையா? ஒரு வரி.

நெய்தல்:
பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி விழாவில் இன்றும் திருவெம்பாவை ஓதுகிறார்கள். தமிழ் அங்கெல்லாம் போகவே இல்லை என்பது போலப் பேசுவது சரியில்லை.

குடவோலை:
அம்மா, பாங்காக் தாய்லாந்து. நான் கேட்டது கம்போடியா. தாய்லாந்தில் தக்குவா பா தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, சுமத்ராவில் பாரூஸில் 1088-ம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வணிகர்கள் போன இடத்தில் வெட்டி வைத்தார்கள், அதை நானே நூறு தடவை எழுதியிருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், அங்கோர் வாட்டில் எங்கே?

அரங்கன்தாசன்:
போன மாதத் திரியில் ஸ்ரீரங்கம்தான் உலகத்திலேயே பெரிய கோயில் என்று நான் எழுதியபோதும் இதே ஆள் வந்து மூக்கை நுழைத்தார். மறக்கவில்லை.

குடவோலை:
ஸ்ரீரங்கம் 156 ஏக்கர். அங்கோர் வாட் 400 ஏக்கருக்குக் குறையாது. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன்.

அரங்கன்தாசன்:
அங்கே பெருமாளுக்கு ஆறு கால பூஜை நடக்கிறதா? வழிபாட்டில் இருக்கும் கோயிலைப் பற்றிப் பேசினேன். அகழியையும் புல்வெளியையும் சேர்த்து அளந்து காட்டாதீர்கள்.

கல்தச்சன்:
பெருமை பேசுற யாராவது 1986-லேர்ந்து 1993 வரைக்கும் நம்ம இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டுல என்ன பண்ணுச்சுன்னு பேசுங்களேன். ரசாயனம் போட்டுக் கழுவினாங்கன்னு உலகமே திட்டுச்சு.

கடாரம்வென்றான்:
உள்நாட்டுப் போர் ஓயாத நேரத்துல வேற எந்த நாடும் துணியாதப்ப போய் நின்னவங்க அவங்க. அவங்களைத் திட்ட உங்களுக்கு என்ன தகுதி?

மதுரைக்காரன்:
இவர் மனைவி எழுதறேன். அண்ணா, நாங்க எழுதினது அவ்வளவு. அதுல ஒரே வரியைப் பிடிச்சுகிட்டு எல்லாரும் தொங்கறீங்க. மேற்கு வாசல்ல எட்டுக் கை விஷ்ணு இருக்கார். தா ரீச்னு பேர் சொல்லி, பௌத்தர்களான அந்த ஊர்ச் சனங்க ஊதுவத்தி ஏத்திக் கும்பிடறாங்க. ஒரு பாட்டி என் கையிலயும் ஒரு வத்தியைக் குடுத்து நிக்க வெச்சாங்க. மேல் அடுக்குக்கு ஏற்ற படி செங்குத்து, தோள் மூடலைன்னா விடமாட்டாங்க, அதையும் போறவங்களுக்கு உதவும்னு எழுதினேன். சுவர் முழுக்கப் பாற்கடல் கடையற சிற்பத்தைப் பத்தி ரெண்டு பத்தி எழுதினேன். ஒருத்தராவது அதைப் படிச்சீங்களா?

குடவோலை:
படித்தேன் அம்மா, அந்தப் பகுதி நன்றாக இருந்தது. அந்தப் பாட்டியின் முன்னோர் கட்டிய கோயில் அது. அவர்கள் கொடியிலேயே அதை வைத்திருக்கிறார்கள். அவர்கள் கையிலிருந்து பிடுங்கி நம் பெயர் போட்டுக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மதுரைக்காரன்:
நான்தான் மறுபடி. எடுக்க மாட்டேன் சார். கைடு சொன்னது சொன்னதுதான்.

சும்மாதான்வந்தேன்:
ஒரு நாள் டிக்கெட்ல போய்ட்டு இவ்வளவு சண்டையா? மூணு நாள் பாஸ் 62 டாலர்தான். பாயோன், தா ப்ரோம்னு பக்கத்துக் கோயில் எல்லாம் பார்க்காம வந்தா என்ன பிரயோஜனம்?

மதுரைக்காரன்:
தா ப்ரோம் பார்த்தோம். எழுதியிருக்கேன். படிச்சிட்டு வாங்க.

கடாரம்வென்றான்:
2012-ல ஹெலிகாப்டர்ல லைடார்ங்கற லேசர் கருவி வெச்சுப் பார்த்தப்ப குலேன் மலைக்காட்டுக்குள்ள ஒரு நகரமே தெரிஞ்சுது. மண்ணுக்கடியில இன்னும் என்னென்ன கிடக்கோ. தமிழ்க் கல்வெட்டு இல்லவே இல்லைன்னு பெரியவர் எப்படிச் சத்தியம் பண்றார்?

குடவோலை:
அந்த நகரமும் கெமர் நகரம்தான், மகேந்திரபர்வதம். கிடைக்கட்டும், கிடைத்த அன்று பேசுவோம். கிடைப்பதற்கு முன்பே நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். ஒரு வரி கேட்டேன், இதுவரை வரவில்லை.

மதுரைக்காரன்:
அடுத்து வியட்நாம் போறோம், மி சன் கோயில் பார்க்க. அதையும் எழுதுவோம்.

குடவோலை:
அது வியட்நாம் பக்கம் இருந்த பழைய சம்பா நாட்டு அரசர்கள் கட்டியது. இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கடாரம்வென்றான்:
சம்பாவா? அதே வியட்நாம்ல கிடைச்ச வோ கான் கல்வெட்டுல வர்ற ஸ்ரீமாறன் யாராம்? பாண்டியன் இல்லாம வேற யாரு?

குடவோலை:
அந்தக் கல்வெட்டு என்ன மொழி தம்பி? சமஸ்கிருதம்.