இழை: காரில் வைக்கும் ‘போர்ட்டபிள் மியூசிக் பிளேயர்’ – தமிழில் என்ன?

காட்பாடி ஆசிரியர்:
குழுமத்தாருக்கு வணக்கம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் பயிற்சி மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். அதில் ஒரு பாடம், காரில் பாட்டுக் கேட்க எந்த மாதிரி பிளேயர் வாங்கலாம் என்பது. ‘கையடக்க இசைப்பான்’ என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். “காரில் இசைப்பான் இருந்தால்” என்றதுமே பின்வரிசையில் ஒருவன், “யார் சார் இசைப்பான்?” என்று கேட்டான். அப்புறம் பாடம் நடக்கவில்லை. வேறு நல்ல சொல் உண்டா? பிளேயரின் பாட்டைக் கார் ரேடியோவுக்கு அலையாக அனுப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டருக்கும் சேர்த்துச் சொன்னால் புண்ணியம்.

குடியாத்தம் புலவர்:
பையன் கேட்டது சரி. ‘அவன் குழல் இசைப்பான்’ என்பது எதிர்கால வினைமுற்று. “னஃகான் ஒற்றே ஆடூஉ அறிசொல்”, அதாவது ‘ன்’ என்று முடிந்தால் ஆண்பால் என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டுப் போனார். நாம் துடைப்பான், அழிப்பான் என்று ஜடப்பொருளுக்கெல்லாம் மீசை வைத்துக்கொண்டிருக்கிறோம். கருவிக்கு இகர ஈறு போதும். மண்வெட்டி, விசிறி, துருவி. அந்த வழியில் பாடுவது ‘பாடி’. வண்டியில் பாடுவது ‘வண்டிப்பாடி’.

வாணியம்பாடியிலிருந்து:
ஐயா, காட்பாடிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஏதோ ஸ்டேஷன் என்று நினைத்து டிக்கெட் கேட்பார்கள். இந்தப் பக்கத்தில் ‘பாடி’ வேண்டாம்.

குடியாத்தம் புலவர்:
சிரிக்க வேண்டாம். ஊர்ப்பெயரில் வரும் பாடி படை தங்கிய இடம், அது வேறு. ஆனால் நம் பாலாற்றின் வடகரைக்கே பெரும்பாணப்பாடி என்று பெயர் இருந்தது. பாணர் யார்? யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். கையோடு கொண்டுபோகும் இசைக்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா? ‘பாண்’ என்றாலே பாட்டு. ‘பாணி’ என்றும் வைக்கலாம்.

சத்துவாச்சாரியிலிருந்து:
புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். பெரும்பாணப்பாடியை ஆண்ட பாணர்கள் மாவலி வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட அரசர்கள். திருவல்லத்துக் கல்வெட்டுகளில் வருகிறார்கள். அவர்கள் கையில் இருந்தது யாழ் இல்லை, வாள். ‘பாணி’ என்றால் இன்றைக்கு ஸ்டைல். ‘நல்ல பாணி ஒன்று கொடுங்கள்’ என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

என் பரிந்துரை ‘ஒலிப்பான்’.

ஆம்பூர், செட் மாட்டுகிறவன்:
அண்ணா, ஒலிப்பான் வேண்டவே வேண்டாம். பேப்பரில் ‘காற்று ஒலிப்பான் பறிமுதல்’ என்று போடுவது ஏர் ஹாரனை. காரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

பெயர் எதுவானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கையேட்டில் விஷயம் சரியாக இருக்க வேண்டும். முதலில், தொடுதிரை மட்டும் இருக்கிற பிளேயரைக் காருக்குச் சொல்லாதீர்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே விரலால் தடவி அடுத்த பாட்டுக்குப் போகிற மாதிரி மேடான பட்டன் வேண்டும். ஹார்டு டிஸ்க் வைத்த பழைய பிளேயரைவிட மெமரி சிப் பிளேயர் நல்லது, பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் அதற்குள் சுற்றுகிற பாகம் இல்லை. கத்திரி வெயிலில் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு டேஷ்போர்டிலேயே வைத்துவிட்டுப் போனால் லித்தியம் பேட்டரி ஊதிக்கொள்ளும். மெமரி கார்டோ பென்டிரைவோ ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும், பழைய செட் பலவற்றுக்கு வேறு எதுவும் படிக்கத் தெரியாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் எழுதுங்கள். பிளேயரை லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே கார் செட்டுக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆக்ஸ் ஒயரிலும் செருகினால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் ‘கீய்ய்ங்’ என்று ஒரு சத்தம் கூடவே ஏறும். வாடிக்கையாளர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று சண்டைக்கு வருவார். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது, கார் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் சத்தம் அதில் ஏறிக்கொள்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். அல்லது ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் எர்த் தொடர்பை அறுக்கிற ஐசொலேட்டர் போட வேண்டும். ஆக்ஸ் ஓட்டையே இல்லாத செட்டுக்குத்தான் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். அதிலும் காலியான அலைவரிசையாகப் பார்த்து வைக்க வேண்டும். வாலாஜா தாண்டிச் சென்னையை நெருங்க நெருங்க அதே இடத்தில் ஏதாவது ஒரு நிலையம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ராணிப்பேட்டை அம்மா:
‘இசைச்சிமிழ்’. சின்னது, மூடியது, அழகானது. சுருதிப்பெட்டி இருக்கும்போது சிமிழ் ஏன் கூடாது?

வாணியம்பாடியிலிருந்து:
கடைக்காரர் குங்குமம் மடித்துக் கொடுப்பார் அம்மா.

ராணிப்பேட்டை அம்மா:
‘வானொலி’ வந்தபோதும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். ‘ஒலிபெருக்கி’ இன்றைக்கு எந்தத் தெருவில் புரியாது? புதுச்சொல் காதுக்குப் பழக நாலு நாள் பொறுக்க வேண்டும், நாம்தான் ஒரு மடலிலேயே கொன்றுவிடுகிறோம்.

சத்துவாச்சாரியிலிருந்து:
அம்மா சொல்வது ஞாயம். ஆனால் வானொலி தினமும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டது. இந்தக் கருவிக்கு அந்த வசதி இல்லை. ஐபாடே 2001-இல் வந்து 2022-இல் விடைபெற்றுவிட்டது. சொல் பழகுவதற்குள் பொருள் போய்விடும் போலிருக்கிறது. தவிர, ‘கார்’ என்றே எழுதுவதா, ‘மகிழுந்து’ என்பதா? அதையும் முடிவு செய்துவிடலாமே.

காட்பாடி ஆசிரியர்:
ஐயோ, மகிழுந்து இப்போது வேண்டாம். இன்று வியாழன்.

குடியாத்தம் புலவர்:
‘கார்’ நல்ல தமிழ்ச்சொல்தான், மழைமேகம். அந்த ஒரு காரணத்துக்காக விட்டுவிடுகிறேன்.

காட்பாடி ஆசிரியர்:
எல்லோருக்கும் நன்றி. நான்கு பேர் “சரி, இசைப்பானே இருக்கட்டும்” என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். யாருக்கும் முழு மனது இல்லை என்பது தெரிகிறது. தலைப்பில் ‘கையடக்க இசைப்பான்’, பாடத்தின் முதல் வரியில் ‘எம்பி3 பிளேயர்’, அதற்குப் பிறகு இயன்ற இடமெல்லாம் ‘கருவி’. பையனுக்குச் சிரிக்க ஒரே ஒரு இடம்தான் கிடைக்கும். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டருக்குக் கடைசிவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே அது அப்படியே போகிறது. ஆம்பூர்த் தம்பி எழுதியதை ஏறக்குறைய முழுசாகச் சேர்த்துவிட்டேன், எர்த் சத்தத்துக்குத் தனிப்படம் உண்டு.

குடியாத்தம் புலவர்:
அச்சிடுங்கள். நன்றியுரையில் மட்டும் என் பெயர் வேண்டாம்.