மறுவிற்பனை வீடு வாங்கப் போகிறீர்களா? விலைக்கு முன்னால் புளோக்கைப் பாருங்கள்

கேள்வி:

வணக்கம். நானும் மனைவியும் சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) வாங்கி மூன்று வருடம் ஆகப் போகிறது. ஈசூனில் வாடகைக்கு இருக்கிறோம், ஒரு பிள்ளை. இரண்டு சம்பளமும் சேர்த்து மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி. நாலறை வீடு பார்க்கப் போகிற இடமெல்லாம் "இன்றைக்கே முடிவு சொல்லுங்கள், வேறு ஆள் தயாராக இருக்கிறார்" என்கிறார்கள். ஆறு லட்சத்துக்குள் கிடைக்குமா? எங்கிருந்து தொடங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, அந்த "இன்றைக்கே சொல்லுங்கள்" பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஹெச்எஃப்இ கடிதம், அதாவது வீடு வாங்க உங்களுக்குத் தகுதி உண்டு என்று சொல்லும் கடிதம், கையில் இல்லாமல் எந்த வீட்டுக்காரரும் உங்களுக்கு ஆப்ஷன் (வீட்டை உங்களுக்கே விற்கிறேன் என்ற உரிமைச் சீட்டு) எழுதித் தர முடியாது. விண்ணப்பித்தால் வந்து சேர ஒரு மாதம் பிடிக்கலாம். வந்தபின் ஒன்பது மாதம் செல்லும். அது இல்லாமல் வீடு பார்த்துக்கொண்டிருந்தால் மனசுக்குப் பிடித்த வீடு எல்லாம் கண்முன்னே போய்விடும். மூன்று வருடக் கணக்கு இருவருக்கும் தனித்தனி. உங்கள் மனைவிக்கு பிஆர் பிந்திக் கிடைத்திருந்தால் அவர் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

பிஆர் குடும்பத்துக்கு வீவக புதிதாகக் கட்டி விற்கும் பிடிஓ வீடு கிடையாது, வீவக கடனும் கிடையாது. மறுவிற்பனை வீடு (ஏற்கெனவே ஒருவர் வாங்கி இப்போது விற்கும் வீவக வீடு), வங்கிக் கடன், அவ்வளவுதான். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: இங்கே நாலறை என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். மூவறையில் படுக்கையறை இரண்டுதான்.

சரி, இனி முக்கியமான விஷயம். நம் ஆட்கள் எல்லாரும் விலையையும் எம்ஆர்டி ரயில் நிலையத் தூரத்தையும் பார்த்துவிட்டு, இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். 1989இல் கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) இந்தியரும் "மற்றவர்" பிரிவினரும் (சீனர், மலாய்க்காரர், இந்தியர் அல்லாதவர்கள்) சேர்ந்து 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்க முடியாது. அந்த வட்டாரத்துக்கு 12 விழுக்காடு. அதற்கு மேல், மலேசியர் அல்லாத பிஆர் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வரம்பு 2010இலிருந்து இருக்கிறது: புளோக்கில் 8, வட்டாரத்தில் 5. நமக்கு இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனர் ஒருவர் வீட்டை விற்க வந்தால், நீங்கள் எத்தனை ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் வாங்க முடியாது. இந்தியரோ மற்றவரோ விற்றால்தான் வழி. பிஆர் வரம்பும் நிரம்பியிருந்தால் விற்கிறவரும் நம்மைப் போல பிஆர் குடும்பமாக இருக்க வேண்டும்.

வீவக இணையதளத்தில் புளோக் எண், தெரு, உங்கள் இனம், குடியுரிமை, விற்பவரின் இனம், குடியுரிமை எல்லாம் கொடுத்தால் வாங்கலாமா கூடாதா என்று அதே நிமிடம் சொல்லிவிடும். மாதம் பிறந்ததும் கணக்கு மாறும். நாங்கள் வீடு தேடிய காலத்தில், பார்க்கப் போகுமுன் முகவரிடம் முதல் கேள்வியே "விற்பவர் யார், எந்த இனம், குடிமகனா பிஆரா" என்பதுதான். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள், அவர்களுக்கு இது தினமும் பழகின கேள்வி.

இதில் நமக்குச் சாதகமான ஒரு இடமும் உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் வீட்டை விற்க வந்தால், அவரால் சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிற கூட்டம் சட்டென்று சுருங்கிவிடும், வீடு மாதக்கணக்கில் கிடக்கும், விலை பேச இடம் இருக்கும். பட்ஜெட் இறுகிய குடும்பத்துக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அதே சுவர் உங்கள் முன்னால் நிற்கும். பத்துப் பதினைந்து வருடம் இங்கேயே இருக்கப் போகிறோம் என்ற உறுதி இருந்தால் எடுங்கள். ஐந்து வருடத்தில் விற்றுவிட்டு ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்பேன்.

அடுத்தது கைப்பணம். ஆறு லட்சத்தில் ஒரு வீடு பேசுகிறீர்கள், வீவக மதிப்பு 5,80,000 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கிற 20,000 முழுக்க ரொக்கம். சிபிஎஃபும் (சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதி) உதவாது, வங்கியும் தராது. வங்கி மதிப்பில் 75 விழுக்காடு வரை கொடுக்கும், அதாவது 4,35,000. மீதி 1,45,000இல் 29,000 கட்டாயம் ரொக்கம், மற்றது சிபிஎஃப். முத்திரை வரி 12,600. பிஆர் என்பதால் கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, 30,000. ஆக இரண்டு லட்சத்துக்கு மேல் ஏற்பாடு செய்ய வேண்டும், அதில் ஐம்பதாயிரத்தை ஒட்டி ரொக்கம். பிஆர் ஆன முதல் இரண்டு வருடம் சிபிஎஃப் பிடித்தம் குறைவாக இருந்திருக்கும். அதனால் மூன்றாம் வருட முடிவில் சிபிஎஃப் சாதாரணக் கணக்கில் (வீட்டுக்கு எடுக்கக்கூடிய பணம் இருக்கும் கணக்கு) எவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

மாதத் தவணை உங்கள் மொத்தச் சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வங்கி குறைந்தது 4 விழுக்காடு வட்டி என்று வைத்துத்தான் கணக்குப் போடும். 25 வருடத்துக்கு 4,35,000 கடன் என்றால் அந்தக் கணக்கில் தவணை 2,300 அளவில் வரும், சம்பளம் ஏறத்தாழ 7,700 வேண்டும். கார் கடனோ வேறு பெரிய கடனோ இல்லையென்றால் உங்கள் எட்டாயிரம் போதும். ஆனால் இழுத்துப் பிடித்துத்தான். நானாக இருந்தால் ஐந்தரை லட்சத்துக்குள் முடிக்கப் பார்ப்பேன். 2024இல் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான வீவக வீடுகள் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டி விற்றன. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டுப் பயந்து போக வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை நகரை ஒட்டிய இடங்கள். உட்லண்ட்ஸ், சுவா சூ காங், ஜூரோங் வெஸ்ட் பக்கம் தேடுங்கள். அதே தெருவில் அண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதை வீவக தளத்திலேயே பார்க்கலாம். முகவர் சொல்லும் விலையை அதனோடு ஒப்பிட்ட பிறகு வாயைத் திறங்கள்.

இன்னொன்று. வீவக மதிப்பு ஆப்ஷன் வாங்கின பிறகுதான் தெரியும். ஆப்ஷன் தொகை அதிகபட்சம் 1,000 வெள்ளி. மறு வேலை நாளுக்குள் மதிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், முடிவு சொல்ல 21 நாள் இருக்கிறது. மதிப்பு மிகவும் குறைவாக வந்தால் விட்டுவிடுங்கள். ஆயிரம் போகும், முப்பதாயிரம் தப்பும். மனசு கேட்காமல் நகையை அடகு வைத்து வாங்கின குடும்பத்தை எனக்குத் தெரியும். தவணையோடு அந்த வட்டியையும் கட்ட அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

வீடு பார்க்கும்போது கழிவறைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். பழுப்பு வளையம், உப்பிய பெயின்ட் இருந்தால் மேல்வீட்டு ஒழுகல். மாலை நாலு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், மேற்கு வெயில் எந்த அறையில் அடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி:

ரொம்ப நன்றி அக்கா. சென்னையில் என் பேரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. அது தடையாகுமா? அப்புறம், திடீரென்று ஊருக்குப் போக வேண்டி வந்தால் இந்த வீட்டை வாடகைக்கு விடலாமா?

பதில்:

சென்னை வீட்டையும் மறைக்காமல் ஹெச்எஃப்இ விண்ணப்பத்தில் எழுத வேண்டும். வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும், அதனால் வாங்க முடியாமலும் போகலாம். விண்ணப்பிக்குமுன் வீவக கிளைக்கு நேரில் போய்க் கேட்டுவிடுங்கள், இதை முகவர் வாய்வார்த்தையில் விடாதீர்கள். முழு வீட்டையும் வாடகைக்கு விட பிஆருக்கு அனுமதி இல்லை. பிஆரைக் கைவிட்டால் வீட்டை விற்றுத்தான் ஆக வேண்டும். விற்கிறபோது எடுத்த சிபிஎஃப் பணத்தை வட்டியோடு உங்கள் கணக்கிலேயே திருப்பிப் போட வேண்டும் என்பதால் கையில் வருவது நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

இதைப் படிக்கும் எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களுக்கு (பிஆர் இல்லாமல் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு) ஒரு வார்த்தை: வீவக வீடு உங்களுக்குக் கிடையாது. கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கலாம், ஆனால் 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. பிஆர் வரும்வரை வாடகையிலேயே இருங்கள்.