ஊரைப் பிரிந்து கொண்டாடிய பெருநாள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கீழக்கரை, இப்போது இஸ்தான்புல்

அஸ்ஸலாமு அலைக்கும். நானே தொடங்கிவைக்கிறேன்.

படிக்க வந்த முதல் ஆண்டு, நோன்புப் பெருநாள் தொழுகைக்கு ஃபாத்திஹ் பள்ளிவாசலுக்குப் போனேன். கீழக்கரையில் நாங்கள் ஷாஃபி மத்ஹப், அதாவது ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட வழியைப் பின்பற்றுபவர்கள். பெருநாள் தொழுகையின் முதல் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) ஏழு, இரண்டாவதில் ஐந்து என்று, கை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' சொல்லும் தக்பீர்களை எண்ணியே வளர்ந்தவன். துருக்கியர் பெரும்பாலும் ஹனஃபி என்ற வேறொரு மத்ஹபினர், ரக்அத்துக்கு மூன்றுதான். இரண்டாவது ரக்அத்துக்கு எழுந்ததும் நான் கையை உயர்த்தினேன், இமாமோ நேராகக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதத் தொடங்கிவிட்டார். ஓதி முடித்து ருகூவுக்கு, அதாவது குனிவதற்கு, முன்தான் அவர்களுக்குத் தக்பீர். தொழுகையிலேயே ஊர் நினைவு வந்து தொண்டை அடைத்தது.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். அந்நேரம் உம்மா வீடு வீடாகத் தொதல் என்ற இனிப்பைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருப்பார். யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுப் பாட்டியின் பேரன், எட்டு வயது. என் கையை முத்தமிட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். பெரியவர்களுக்கு அப்படி மரியாதை செய்துதான் சிறுவர்கள் இங்கே பெருநாள் காசு வாங்குகிறார்கள். பையில் இருந்ததைக் கொடுத்தேன். வாங்கியவன் போகவில்லை, என்னையும் கீழே இழுத்துப்போனான்.

பாட்டி முதலில் என் உள்ளங்கையில் எலுமிச்சை மணக்கும் கொலோன்யாவை ஊற்றினார். விருந்தாளிக்கு அதற்குப் பிறகுதான் இனிப்பு. நானும் அவர் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்தேன். ஒரு கைக்குட்டையை என்னிடம் திணித்தார். முனையில் காசு முடிந்திருந்தது. எனக்கு அப்போது 23 வயது. வாப்புமா (வாப்பாவின் உம்மா) மௌத்தான பிறகு எனக்குப் பெருநாள் காசு கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இளையான்குடி, இப்போது ஷா ஆலம்

வ அலைக்கும் ஸலாம், தம்பி. படித்ததும் கண் கலங்கிவிட்டது.

மலேசியாவில் 'ரூமா தெர்புக்கா', அதாவது திறந்த வீடு. நோன்பு மாதத்தை அடுத்து வரும் ஷவ்வால் மாதம் முழுவதும் ஏதாவது ஒரு வீட்டில் நடந்துகொண்டே இருக்கும். எங்கள் வரிசையிலுள்ள சீனக் குடும்பமும் தமிழ் இந்துக் குடும்பமும் கெத்துப்பாட் என்ற ஓலைப்பொதி அரிசிச் சோறும் ரெண்டாங் என்ற இறைச்சிக் கறியும் சாப்பிட வருவார்கள். பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் பணம் கொடுப்போம். சீனரின் சிவப்பு உறையைப் பார்த்து வந்த வழக்கம் அது.

நான் சொல்ல வந்தது வேறு. குடிவந்த ஒரே மாதத்தில் பெருநாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, 'மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்' என்றார். வெளியே தெரிந்த பிழையையும் உள்ளே மறைந்த பிழையையும் பொறுத்துக்கொள் என்று பொருள். எனக்கு அவர் ஒரு பிழையும் செய்ததில்லை. நானோ நகைத் தகராறில் என் அக்காவோடு இரண்டு ஆண்டுகளாகப் பேசாமல் இருந்தேன். அன்று பகலிலேயே அக்காவை அழைத்தேன். சலாம் சொன்னதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை, அழுகைதான். இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் உறை.

அதிராம்பட்டினம், இப்போது நிஸ்வா

நான் ஓமனில் வாகனம் ஓட்டுகிறேன். என்னுடையது ஹஜ்ஜுப் பெருநாள். பெருநாளுக்கு அறுக்கும் குர்பானி இறைச்சியில் மசாலா தடவி, காய்ந்த இலையில் சுற்றி, ஓலைப் பையில் கட்டி, ஊர்ப் பொதுக் குழியில் கனலின் மேல் போட்டு மூடிவிடுகிறார்கள். எந்தப் பை எந்த வீட்டுடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் திறந்தால் எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்று வரும். ஷுவா என்பார்கள்.

ஐந்து பேருக்கு ஒரே தாம்பாளம். ஊரில் சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) சாப்பிட்டுப் பழகிய எனக்குக் கூச்சமில்லை. என்னோடு வேலை செய்யும் வங்காளதேச நண்பர்தான் ஒதுங்கி உட்கார்ந்தார். முதலாளியின் தந்தை, வயதானவர், இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்து நண்பர் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். கடைசிவரை அந்தப் பெரியவர் தமக்கென்று எடுத்ததை நான் பார்க்கவில்லை.

காத்தான்குடி, இப்போது லண்டன்

எங்கள் கவலை பெருநாளைத் தீர்மானிக்கும் பிறை. ஊரில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்காக வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். இங்கே ஒரு பள்ளி சவூதி அறிவிப்பை ஏற்கும், இன்னொன்று வேறு நாட்டுப் பிறையை எடுக்கும். ஒரு வருடம் எங்களுக்குப் பெருநாள், இரண்டு தெரு தள்ளி நானா (அண்ணன்) வீட்டில் முப்பதாவது நோன்பு. நோன்பாளிகளுக்கு முன்னால் எப்படிச் சாப்பிடுவது? கொண்டுபோன வட்டலப்பம் என்ற இனிப்பை அவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒரே உம்மாவின் பிள்ளைகள் இப்படிப் பிரிந்து நிற்பதை ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உட்கார்ந்து பேசித் தீர்க்கத்தான் வேண்டும்.

கீழக்கரை, இப்போது இஸ்தான்புல்

அனைவருக்கும் ஜஸாக்கல்லாஹு கைர், அல்லாஹ் நற்கூலி தரட்டும். எங்கள் மேல்மாடிக்கு இந்த ஆண்டு ஒரு சோமாலிய மாணவர் வந்திருக்கிறார். அவர்களும் ஷாஃபிகள்தான், அதனால் தக்பீர் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன். தொழுகை முடிந்ததும் அந்த மாணவரின் கதவைத் தட்டும்படி பாட்டியின் பேரனிடம் கேட்டேன். பன்னிரண்டு வயதாகிவிட்டதால் வெட்கப்படுகிறான். தம்பியை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.